இனிப் பெறுவதும்

இரணியல் சார்பதிவகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள்காரருக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு கணினி, ஒழுகும் தகரம்.
பதினெட்டு வருடமாகப் பிரமாணம் எழுதுகிறேன்.
நான்கெல்லைக்குள் அடங்காத எதையும்
இந்த மேசை கண்டதில்லை.

ஆறுமுகப்பெருமாள் கொண்டுவந்தது பாகப்பிரிவினை.
பிளாஸ்டிக் உறைக்குள் மூலப் பிரமாணம்:
ஓலையிலிருந்து யாரோ ஒரு குமாஸ்தா
நீல மசியில் பகர்த்திய தாள்.
கொல்லம் ஆயிரத்து ஏழு, ஆவணி.
கிழக்கே வாய்க்கால். தெற்கே ஒற்றைப் புளி.
மேற்கும் வடக்கும் சரியாகத்தான் இருந்தன.

பிறகு சொத்து விவரம்.
காய்க்கும் தெங்கு நாற்பத்தொன்று.
பலா இரண்டு. அயினி ஒன்று.
கிணறு, துலா.
ஆள் சாத்தன்.
ஆள் காளி.
காளி பெற்றதும்
இனிப் பெறுவதும்.
இவற்றை விற்கவும் ஒற்றி வைக்கவும்
சீதனமாய்க் கொடுக்கவும்
சந்ததியாய் ஆண்டு அனுபவிக்கவும்.

தகரத்தில் மழை.
அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.
அயினிக்கும் துலாவுக்கும் கீழே, அதே மசியில்.
குமாஸ்தாவின் கை எங்கும் நடுங்கவில்லை.
காளியின் ‘ளி’யில் மட்டும் சுழி சற்று நீண்டிருந்தது.
அங்கே நிறுத்தி மசி தொட்டிருப்பான்.
அதற்கு மேல் அவனுக்கு நான் எதையும் தரமாட்டேன்.

“அது எதுக்கு, விட்டிருங்க” என்றார் ஆறுமுகப்பெருமாள்.
கெட்டவர் இல்லை.
வரும்போது எனக்கும் சேர்த்துப் பழம்பொரி வாங்கி வந்தவர்.
“அதெல்லாம் அந்தக் காலம்லா.
அயினியே இப்ப நிக்கல்ல.”
பெங்களூரிலிருந்து வந்த மகன்
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்
“லீகலா அதுக்கு வேல்யூ இல்ல மேடம்” என்றான்.

வில்லங்கச் சான்றும் உறைக்குள் இருந்தது.
முப்பது வருடம் தேடிக் கொடுப்பார்கள்,
கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் கொஞ்சம்.
காளி வரைக்கும் தேடச் சொல்லும் மனு
எந்தக் கவுண்டரிலும் கிடையாது.
வில்லங்கம் ஏதுமில்லை.
அரசு முத்திரை.

ஆயிரத்து ஏழிலிருந்து இருபத்துநாலு வருடம் கழித்து
ராஜாவின் விளம்பரம் வந்தது, இனி ஆளை விற்கக் கூடாதென்று.
அன்று காளி இருந்தாளா?
இருந்திருந்தால், அந்த ராத்திரி எங்கே படுத்தாள்?
நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவளுக்கு
நிலமில்லாத விடுதலை.

என் அப்பாவின் அப்பா பெயர் தெரியும். செல்லக்கண்.
அவருக்கு அப்பா யாரென்று
ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு ‘மோசே’ உண்டு.
மோசே ஆவதற்கு முன்னால் அவருக்கு என்ன பெயர்,
அதை யாரும் கேட்டு எழுதவில்லை.
காளி எனக்கு யாராகவும் இருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
ஆனால் ‘இனிப் பெறுவதும்’ என்று எழுதியவன்
எல்லை குறிக்கவில்லை.
கிழக்கே எதுவரை, மேற்கே எதுவரை,
எத்தனாவது பிள்ளை வரை.

அடித்தேன். முன் பிரமாண விவரம் என்ற தலைப்பில்,
வார்த்தை மாறாமல்.
பிரிண்டர் அந்தப் பக்கத்தில் சிக்கியது.
தாளை உருவி மறுபடி போட்டேன்.

எழுதியதை வாசித்துக் கேட்பிக்க வேண்டும், அது முறை.
வாசித்தேன். தெங்கு, பலா, அயினி,
கிணறு, துலா, சாத்தன்.
என் குரல் பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.
மகன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
ஆறுமுகப்பெருமாள் வெகுநேரம் மழையைப் பார்த்தார்.
“இருந்துட்டுப் போட்டு” என்றார். பேனா கேட்டார்.

பெஞ்சில், விதவைப் பென்ஷன் மனு எழுத வந்து
காலையிலிருந்து காத்திருந்த தாயம்மை கேட்டாள்:
“அவளுக்கு எத்தன பிள்ளையாம்?”

எழுதவில்லை என்றேன்.

“பேரு?”

அதுவும்.

அவள் மெல்ல நகர்ந்து
பெஞ்சில் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.